கொடிமலை ரயில்

பினாங்குக் கொடிமலையில் ஏறி இறங்கும் ரயில் பெட்டிகளில் என்ஜின் கிடையாது. மலைமேல் உள்ள மோட்டார் ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின்மேல் ஓடும் எஃகுக் கம்பிவடத்தின் ஒரு முனையில் ஒரு பெட்டி, மறுமுனையில் இன்னொன்று. ஒன்று இறங்க, மற்றது ஏறும். கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளிகளைக் கட்டி இறைப்பதுபோல, பெட்டிகளின் எடை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது. பயணிகளின் எடை வித்தியாசமும் உராய்வும்தான் மோட்டாருக்கு மிச்சம்.

பாதை பெரும்பாலும் ஒற்றை வழி. நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிந்து சேர்கிறது. இத்தகைய பாதைகளில் பிரியும் இடத்தில் நகரும் தண்டவாளம் எதுவும் வேண்டாம், சாமர்த்தியமெல்லாம் சக்கரங்களில்தான். பெட்டியின் ஒருபக்கச் சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு உண்டு. அவை வெளித் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு போகும். மறுபக்கத்தில் விளிம்பில்லாத அகன்ற சக்கரங்கள். அவை கம்பிவடம் குறுக்கே செல்ல விட்ட இடைவெளியைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு பெட்டி எப்போதும் இடமாகவே ஒதுங்கும், மற்றது வலமாகவே. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் கார்ல் ரோமன் ஆப்ட் வகுத்த ஏற்பாடு இது.

ரயில் வருமுன் வெள்ளைக்கார அதிகாரிகள் குதிரையிலும், கூலியாட்கள் சுமந்த நாற்காலிகளிலும் மலையேறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட முதல் பாதை ஓடாமலே போனது. பிறகு மலாய் நாடுகளின் ரயில்வே பொறியாளர் அர்னால்ட் ராபர்ட் ஜான்சன் வகுத்த பாதை 1923இல் ஓடத் தொடங்கியது. முறையான திறப்பு விழா 1924 ஜனவரி 1 அன்று.

அடிவாரத்திலுள்ள ஆயர் ஈத்தாமிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். பள்ளத்தைக் கடக்க ஓர் உயர்பாலம். அங்குள்ள நிறுத்தத்துக்கும் உயர்பாலத்தின் ஆங்கிலப் பெயரான வயடக்ட் என்றே பெயர். மேலே சரிவாகக் குடைந்த, சுமார் 80 மீட்டர் நீளச் சுரங்கம். பழைய அமைப்பில் பாதை இரு பகுதிகளாக இருந்ததால் நடு நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. பயணத்துக்கு அரை மணி நேரம் பிடித்தது. வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்குக் காட்டைப் பார்க்க நேரம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் மரப்பெட்டிகள் 1977இல் ஓய்வு பெற்றன. 2010இல் பாதை மூடப்பட்டு, 2011இல் அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டமாகத் திறந்தது. புதிய பெட்டி சுமார் 100 பேரை ஏற்றிக்கொண்டு 10 நிமிடத்துக்குள் மேலே சேர்க்கிறது. உச்சியிலுள்ள அருளொளி திருமுருகன் கோயிலுக்குப் போகும் பக்தர்களும் இதில்தான் ஏறுகிறார்கள்.