94-இல் நிற்கும் வேகம்

மாதாமாதம் பணம் கட்டுவது 200 மெகாபிட் வேகத்துக்கு. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் சோதித்தால், வைஃபையிலேயே 180 வருகிறது. லேன் கேபிள் செருகிய கணினியிலோ காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. இணைப்பு தந்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். நெரிசலால் குறையும் வேகம் ஏறி இறங்கும். ஒரே எண்ணில் அசையாமல் நின்றால், கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது.

அதென்ன 94? ஈதர்நெட்டில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும் ஒரு முழுப் பொட்டலத்தில் நம் தரவு 1,460 பைட்டுக்கு மேல் இருப்பதில்லை. மீதியெல்லாம் முகவரி, பிழைச் சரிபார்ப்பு, இடைவெளி. ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நம் கைக்கு வருவது 95-க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 94 என்றால், கணினியும் ரவுட்டரும் 1,000-க்குப் பதில் 100-இல் பேசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால், 'லிங்க் ஸ்பீட்' என்ற வரி இதை உறுதிசெய்யும். பழைய ரவுட்டர்களிலும் மலிவான யூஎஸ்பி அடாப்டர்களிலும் போர்ட்டே 100-க்கு உரியதாக இருக்கலாம். அதை முதலில் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் கேபிள்தான். கணினியை அணைத்துப் போடுவதும் டிரைவரை மாற்றுவதும் அப்புறம்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 1995-இல் தரமாக்கப்பட்ட 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடி போதும். 1999-இல் வந்த ஜிகாபிட்டுக்கு, அதாவது 1,000 மெகாபிட்டுக்கு, நான்கும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கியோ எலி கடித்தோ நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரே ஒரு கம்பி அறுந்தால், இணைப்பு சாவதில்லை. இரு முனைச் சில்லுகளும் ஜிகாபிட்டுக்கு முயன்று, முடியாமல், 100-க்கு இறங்கிவிடுகின்றன. இப்படி இறங்கத் தெரியாத கருவிகளில் போர்ட்டின் விளக்கு எரிந்து எரிந்து அணையும். வேறொரு நல்ல கேபிளை மாற்றிப் பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை.

கண்ணுக்குச் சிக்காத இன்னொரு கோளாறு உண்டு; அது முறுக்கில் இருக்கிறது. இரண்டு கம்பிகளை முறுக்கும் உத்திக்கு கிரஹாம் பெல் 1881-இலேயே காப்புரிமை பெற்றார். ஜோடியின் ஒரு கம்பியில் போகும் சைகைக்கு நேர் எதிரானது மற்றதில் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தொடும். பெறும் முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. பிளக்கில் 3, 6 ஆகிய ஊசிகள் ஒரு ஜோடி. இது தெரியாமல் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று வரிசையாக அடுக்கி கிரிம்ப் செய்தால், 3-க்கும் 6-க்கும் போவது வெவ்வேறு முறுக்குகளின் கம்பிகள். இரு முனையிலும் ஒரே தவறு என்பதால், சாதாரண கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் ஒரு ஜோடியின் சைகை அடுத்ததில் கசியும். கேபிள் நீள நீள இணைப்பு தடுமாறும். கம்பி நுனிக்கு நுனி ஓடுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் டெஸ்டரால், முறுக்கு சரியா என்று சொல்ல முடியாது. எட்டு விளக்கைக் காட்டிவிட்டுக் கிளம்பும் பணியாளரிடம் பிளக்கின் நிற வரிசையையும் காட்டச் சொல்லுங்கள். பரவலான முறை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் பக்கத்தில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

போர்ட்டின் விளக்கு எரிந்தும் இணையமே இல்லை, கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால், அது வேறு கதை: ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. ரவுட்டரை அணைத்துப் போடுவது அங்கேதான் பயன்படும்.

புதிய கேபிள் வாங்கும்போது விலை மட்டும் பார்க்காதீர்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் ஒடியும். ஒரு கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டினால் போதும். செம்பு உள்ளேயும் சிவப்பாக இருக்கும். அலுமினியம் வெள்ளையாகப் பளிச்சிடும்.