எந்தப் பூச்சுக்கு எந்தப் பிரஷ்?

பொங்கல் நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலையும் வந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் கையில் நார் மட்டை இருக்கும். கதவுக்குப் பெயிண்ட் அடிப்பவர் கையில் பன்றி மயிர் பிரஷ் இருக்கும். இவர் கருவியை அவருக்கு மாற்றிக் கொடுத்தால் வேலை கெடும். ஏன் தெரியுமா?

முதலில் ஒரு சோதனை. உங்கள் நீர்வர்ணப் பிரஷைத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். மயிர்கள் விரிந்தே நிற்கும். வெளியே எடுத்ததும் ஒன்றுசேர்ந்து கூராகிவிடும். நனைந்ததால் ஒட்டிக்கொண்டன என்று சொல்லலாமா? நீருக்குள்ளும் அவை நனைந்துதானே இருந்தன! உண்மையில், வெளியே வந்ததும் நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல்போல மயிர்களைச் சுற்றி இறுக்குகிறது. இதுவே பரப்பு இழுவிசை.

மயிர்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகளில் பெயிண்ட் ஏறித் தங்குகிறது. பன்றி மயிரின் நுனி இயற்கையாகவே பிளவுபட்டிருக்கும். அதனால் சந்துகள் அதிகம். பெயிண்ட் நிறையத் தங்கும். கோடு விழாமல் பரவும். பிரஷ் வாங்கும்போது நுனியை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள்.

ஆனால் மயிர் என்பது கெரட்டின் என்னும் புரதம். சுண்ணாம்பு நீர் வலிய காரம், அதன் பி.எச். மதிப்பு 12-க்கும் மேல். அது கெரட்டினைச் சிதைத்துவிடும். தோல் பதனிடுவோர் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைப்பதும் இதனால்தான். நார் மட்டையில் இருப்பது செல்லுலோஸ். அது காரத்தைத் தாங்கும்.

நீரில் கலக்கும் எமல்ஷன் பெயிண்டுக்கும் பன்றி மயிர் ஏற்றதல்ல. நீரை உறிஞ்சித் துவண்டுவிடும். அதற்கு நைலான் போன்ற செயற்கை இழையே நல்லது. 1938-ல் நைலான் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே பல் துலக்கும் பிரஷின் இழையாகத்தான்! பெரிய சுவருக்கு ரோலர் வசதி. வழவழப்பான சுவருக்குக் குட்டை இழை ரோலரையும், சொரசொரப்பான சுவருக்குக் குழிகளை எட்டும் நீண்ட இழை ரோலரையும் தேர்ந்தெடுங்கள்.

வேலை முடிந்ததும் எமல்ஷன் பிரஷை உடனே சோப்பு நீரில் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும்; பிறகு நீரில் கரையாது. எண்ணெய்ப் பெயிண்ட் பிரஷை டர்பன்டைனிலோ மண்ணெண்ணெயிலோ அலசிவிட்டுச் சோப்புப் போடுங்கள். அடுப்பு, விளக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள். கழுவிய பிரஷை நுனி கீழே இருக்கும்படி ஆணியில் தொங்கவிடுங்கள். டப்பாவில் மயிர் ஊன்றி நிற்க வைத்தால் வளைந்துவிடும்.

பிரஷைத் துடைத்த துணியை என்ன செய்வீர்கள்? சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள்! ஆளி விதை எண்ணெய் காய்வது வெறும் ஆவியாதல் அன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் அது சேர்கிறது. அப்போது வெப்பம் பிறக்கிறது. விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். குவித்த துணியில் உள்ளேயே தேங்கும். வெப்பம் ஏற ஏற வினையும் விரைவாகும். முடிவில் தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். தீயின் தொடக்கம், ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தல் துணிகள்!

எனவே அத்தகைய துணிகளைத் திறந்தவெளியில் தனித்தனியே விரித்துக் காயவிடுங்கள். அல்லது நீர் நிரம்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இன்றே சொல்லுங்கள்.