முதல் பாட்டு சாவு வீட்டில்

பட்டினப்பாக்கம் பக்கம் கானா பாடத் தொடங்கிய பையன்களில் பலருக்கு முதல் பாட்டு சாவு வீட்டில்தான் அமைந்தது.

ஹவுசிங் போர்டிலோ சீனிவாசபுரத்திலோ யாராவது தவறிவிட்டால் வாசலில் பந்தல் போட்டு ராத்திரி முழுக்கக் கண் விழிப்பார்கள். அந்த ராத்திரிக்குத்தான் மரண கானா. டோலக் கிடைத்தால் டோலக், இல்லையென்றால் தீப்பெட்டியும் பலகையும். பாடுகிறவர் முதலில் வீட்டாரிடம் விசாரிப்பார்: போனவர் என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் பெயர் என்ன, யார் இன்னும் வந்து சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர்களெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். தன் பெயர் வரும் இடத்தில் மகள் உடைந்து அழுவாள். அவள் அழுது முடிக்கும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார். விடிந்ததும் அந்தப் பாட்டு தீர்ந்தது. எழுதி வைப்பவர் இல்லை. சென்னை பெற்ற பாட்டுகளில் இதைவிட நுட்பமானது எனக்குத் தெரியாது. மயிலாப்பூர் சபாக்கள் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் அந்த மேடைகள் இதை நெடுங்காலம் ஏற்றிக்கொள்ளவில்லை.

சினிமா ஏற்றிக்கொண்டது. 1996இல் ‘காதல் கோட்டை’யில் தேவா, 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா. ஆனால் அது பெரும்பாலும் கேட்டது கானாவின் துள்ளலைத்தான். சாவு வீட்டின் நிதானத்தை அல்ல.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த குழு அது. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கித்தாருக்குப் பக்கத்தில் பறையோடு நின்று கானா பாடினார்கள். அந்தக் குழுவின் ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஒரே துக்கத்தில் ஒப்பாரி பெண்களுக்கு, கானா ஆண்களுக்கு என்று பிரித்து வைத்திருந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்று பாட வருகிற பையனுக்கு யூடியூப்தான் முதல் மேடை. நினைவு நாளுக்கென்றே குடும்பங்கள் பாட்டு கேட்டு வாங்குகின்றன. போனவரின் படம், பிள்ளைகளின் பெயர், நாலைந்து நிமிடம், கீழே பாடியவரின் பெயர். அந்தப் பெயர் நிற்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. முந்தைய தலைமுறையில் எத்தனையோ பேர் பெயரில்லாமலே போய்விட்டார்கள். ஆனால் பதிவான பாட்டு மகளுக்காகக் காத்திருக்காது. அவள் அழுதுகொண்டிருக்கும்போதே அடுத்த அடிக்குப் போய்விடும்.

பழைய பாடகர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு முழு ராத்திரிக் கானாவை, வெட்டாமல், அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்க வேண்டும். காமராஜர் சாலையில் வானொலி நிலையம் இருக்கிறது. கருவியும் ஆளும் அங்கே உண்டு.