மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு தாய்ப் பத்திரம்

ஒரு நடிகர் போட்டிருந்த கூலிங் கிளாஸ் 70,200 டாலருக்கு ஏலம் போயிற்று என்றால் நம்புவீர்களா? 2006-ஆம் ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பானம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அது நடந்தது. அதை அணிந்தவர் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீன். அவர் காலமாகி அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. 'பணம் படைத்தவர்களின் பைத்தியக்காரத்தனம்' என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. அது நம் வீட்டுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மக்வீன் 1980-இல் தமது 50-ஆம் வயதில் இறந்தார். நடிப்பைப் போலவே மோட்டார் சைக்கிளும் அவருக்கு உயிர். 1964-இல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் அமெரிக்க அணியில் ஓட்டியவர். பழைய வண்டிகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். 'இந்தியன்' என்ற அமெரிக்க வண்டியின் மீது அவருக்குத் தனிப் பிரியம். (பெயரைப் பார்த்து நம் நாட்டு வண்டி என்று எண்ண வேண்டாம்!)

1984-இல் லாஸ் வேகாஸில் அவர் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. வண்டிகள் பல கைகளுக்குப் பிரிந்து போயின. அன்று போனவை இரண்டாம் கை, மூன்றாம் கை மாறித் திரும்பவும் ஏலத்துக்கு வருகின்றன. அப்படி வரும்போது, இது மக்வீனின் வண்டிதான் என்று எப்படி நம்புவது?

ஊரில் மனை வாங்கும்போது தாய்ப் பத்திரம் எங்கே, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்கிறோம் அல்லவா? ஏலத்திலும் அதே கேள்விதான். எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவுத் தாளோடு பொருந்த வேண்டும். அந்தத் தாளில் மக்வீனின் பெயரோ, அவருடைய சோலார் பட நிறுவனத்தின் பெயரோ இருந்தால் மிகவும் நல்லது. 1984 ஏலத்தில் வாங்கிய ரசீது, குடும்பத்தாரின் கடிதம், அவர் வண்டியோடு நிற்கும் போட்டோ ஆகியவையும் சாட்சிகள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விலை சரியும்.

அதன் பிறகுதான் 'ஒரு தரம், இரண்டு தரம்'. விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையை ரகசியமாகச் சொல்லி வைப்பதுண்டு. அதற்குக் கீழே கேள்வி நின்றால் பொருள் விற்காது. சுத்தியல் தட்டியதும் அந்தத் தொகையோடு முடிவதில்லை. வாங்கியவர் ஏல நிறுவனத்துக்கு ஒரு சதவீதக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். பத்திரிகைகளில் வரும் பெரிய தொகைகளில் பெரும்பாலும் அதுவும் சேர்ந்திருக்கும்.

மக்வீனிடம் இருந்த 1915-ஆம் ஆண்டு 'சைக்ளோன்' பந்தய வண்டி 2015-இல் 8,52,500 டாலருக்குப் போயிற்று. உலகில் மிகச் சில சைக்ளோன்களே மிஞ்சியிருக்கின்றன. ஆகவே மக்வீன் பெயர் இல்லாவிட்டாலும் அதற்கு மதிப்பு உண்டு. கூலிங் கிளாஸ் அப்படியல்ல. சான்று இல்லாவிட்டால் அது கடைத்தெருக் கண்ணாடிதான். பொருள் எவ்வளவு சாதாரணமோ, அவ்வளவுக்கு அதன் கதையைச் சொல்லும் காகிதம் முக்கியம்.

வேலை மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்களில் மூட்டை கட்டும்போது முதலில் பழைய பேப்பர்காரனிடம் போவது அந்தக் காகிதங்கள்தான். பாட்டியின் வெண்கலப் பானை வந்து சேரும். அது யார் சீதனமாகக் கொண்டுவந்தது என்ற விவரம் வராது. நம் பொருள்களை யாரும் லட்சத்துக்கு ஏலம் எடுக்கப் போவதில்லை. நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் போதும்.

என் தகப்பனார் ராஜ்தூத் வண்டியில் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்புறம் 'திருச்சி, 1971, முதல் வண்டி' என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என் பேரனுக்கு அது யாரோ ஒருவர், ஏதோ ஒரு வண்டி. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆல்பத்தை எடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் வருடத்தையும் கேட்டு, பென்சிலால் எழுதி வையுங்கள்.