பட்டறைக் காற்றைத் தூய்மையாக்கும் எளிய பெட்டி

சாளரத்தின் வழியே சாய்ந்து விழும் காலைக் கதிரில் எண்ணற்ற துகள்கள் மிதந்து அலைவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவற்றுள் பருமனானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியுடன் வெளியேறிவிடும். மிகுந்த தீங்கு விளைப்பவை, தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்லும் நுண்துகள்களே. நாள் முழுதும் தூசியிடையே உழைப்போர் பணிபுரியும் சிறு பட்டறைகளில், பழைய பொருள்கள் சிலவற்றைக் கொண்டே இத்துகள்களைப் பெரிதும் குறைக்க இயலும். அது எவ்வாறு இயலும் என்பதையும், அம்முறையால் இயலாதது எது என்பதையும் இங்குக் காண்போம்.

மும்பை நகரத்துத் தாராவியை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர் கும்பார்வாடாவில் குடியேறினர். இன்று தோற்பைகளும் இடுப்புவார்களும் அங்குத் தைக்கப்படுகின்றன. 13-ஆம் காம்பவுண்டு எனப்படும் பகுதியில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரித்து அரைக்கப்படுகிறது. இவ்வேலைகள் பெரும்பாலும் சிறு அறைகளிலேயே நடைபெறுகின்றன. தோலைத் தேய்க்கும்போது எழும் இழைத்தூசி, காய்ந்த களிமண்ணிலிருந்து எழும் சிலிகாத் தூசி, பிளாஸ்டிக் அரைவையின் பொடி ஆகியவை அவ்வறைகளில் உழைப்போரின் மூச்சுக்காற்றில் கலக்கின்றன. சிலிகாத் தூசியால் உண்டாகும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் ஒருமுறை பற்றினால் மீளாதது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தூசியை உறிஞ்சும் சாதனம் தூசி பிறக்கும் இடத்திற்கு இயன்றவரை அருகில் அமைய வேண்டும் எனத் தன் 14-ஆம் பிரிவில் விதித்தது. ஆனால், மின்விசையைப் பயன்படுத்திப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரிந்த இடங்களையே அச்சட்டம் பொதுவாகத் தழுவியது. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை அதன் எல்லைக்கு வெளியே நின்றது. இத்தகைய பட்டறைகளுக்கே எளிய சாதனம் மிகவும் தேவைப்படுகிறது.

தூசி தானே படிந்துவிடாதா?

ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். நீரின் அடர்த்தியுடைய துகள்கள் அசைவற்ற காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நிற்பவர் மூச்சுவிடும் உயரத்திலிருந்து, விழுவதாகக் கொள்வோம். 100 மைக்ரான் துகள் 6 வினாடியில் தரையை அடையும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். ஆள் நடமாட்டமும் விசிறியும் உள்ள அறையில் இத்துகள் படியவே வாய்ப்பில்லை எனலாம். காலையில் எழுந்த நுண்தூசியை உழைப்பாளி மாலை வரை சுவாசிக்கிறார். ஆகவே அதனைக் காற்றிலிருந்து பிரித்தே எடுக்க வேண்டும்.

வடிகட்டி என்றதும் சல்லடை நினைவுக்கு வருவது இயல்பு. எனினும் காற்று வடிகட்டி சல்லடையைப்போல் இயங்குவதில்லை. அதன் இழைகளுக்கு இடையிலுள்ள வெளி, பிடிபடும் துகள்களைவிடப் பெரியது. பெரிய துகள்கள் தம் வேகத்தின் காரணமாக, இழையைச் சுற்றி வளையும் காற்றுடன் வளைய மாட்டாமல் இழைமீது மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறிய துகள்கள் காற்றின் மூலக்கூறுகளால் இடையறாது உதைக்கப்பட்டுத் தாறுமாறாக அலைந்து இழையைத் தொட்டுப் பிடிபடுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுடைய துகள்களைப் பிடிப்பதே கடினம். அதனால்தான் வடிகட்டிகளின் தரத்தை அவ்வளவுடைய துகள்களைக் கொண்டு சோதிக்கின்றனர்.

பரப்பே முதன்மையானது

2013-ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் தாமஸ் டால்ஹெல்ம் என்பவர், சாதாரண விசிறியின் முன் ஒரு வடிகட்டியைக் கட்டி வீட்டுக் காற்றைத் தூய்மை செய்து காட்டினார். 2020-ஆம் ஆண்டில் கோவிட் தொற்றின்போது, அமெரிக்கப் பொறியியற் பேராசிரியர் ரிச்சர்டு கோர்சியும் வடிகட்டித் தொழிலில் உள்ள ஜிம் ரோசந்தாலும் இக்கருத்தை வளர்த்தனர். ஒரு வடிகட்டிக்குப் பதிலாகப் பல வடிகட்டிகளைப் பெட்டியின் சுவர்களாக நிறுத்தி, அதன்மேல் விசிறியை வைத்தனர். இதற்குக் கோர்சி-ரோசந்தால் பெட்டி என்று பெயர்.

இம்மாற்றத்தின் பயன் யாது? இழை வடிகட்டியின் தடை, அதனூடே செல்லும் காற்றின் வேகத்திற்கு ஏற்ப உயர்கிறது. ஒரே அளவு காற்று ஒன்றுக்குப் பதிலாக நான்கு வடிகட்டிகளின் வழியே சென்றால், வேகம் நான்கில் ஒரு பங்காகும். தடையும் அவ்வாறே குறையும். வலிமை குன்றிய பழைய விசிறியும் அப்போது போதுமான காற்றை இழுக்கும்.

மிக உயர்ந்த வடிகட்டியே வேண்டும் என்பதும் இல்லை. ஒரு விசிறி, அடர்ந்த வடிகட்டியின் வழியே மணிக்கு 100 கனமீட்டர் காற்றை மட்டும் இழுத்து, அதிலுள்ள துகள்கள் அனைத்தையும் பிடிப்பதாகக் கொள்வோம். அதே விசிறி, நடுத்தர வடிகட்டிகளாலான பெட்டியின் வழியே மணிக்கு 500 கனமீட்டர் இழுத்து நூற்றுக்கு 60 பங்கு துகள்களைப் பிடித்தால், நமக்குக் கிடைப்பது 300 கனமீட்டர் தூய காற்றுக்கு ஒப்பாகும். எம்.இ.ஆர்.வி. 13 என்னும் தரம் பெற்ற வடிகட்டி 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களில் பாதிக்குக் குறையாமலும், 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ளவற்றில் நூற்றுக்கு 85-க்குக் குறையாமலும் பிடிக்கும். பட்டறைக்கு இது ஏற்றது.

அமைக்கும் முறை

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் 300 அல்லது 400 மில்லிமீட்டர் எக்சாஸ்ட் விசிறி இதற்கு நன்கு பொருந்தும். தடையை எதிர்த்துக் காற்றை இழுப்பதில் அது மேசை விசிறியைவிடச் சிறந்தது. தாங்கு உருளைகளுக்கு எண்ணெய் இட்டு, பழைய மின்கம்பியை நீக்கிப் புதிய மூன்றிழைக் கம்பி பொருத்தி, நிலத்தொடர்பு அளிக்க வேண்டும். அடித்தளத்திற்கும் மேற்பலகைக்கும் பழைய ஒட்டுப்பலகை போதும். அட்டைப்பெட்டியையும் பயன்படுத்தலாம், எனினும் மும்பையின் மழைக்கால ஈரத்தில் அது தளர்ந்துவிடும்.

நான்கு வடிகட்டிகளையும் சதுரமாக நிறுத்துக. சட்டத்திலுள்ள அம்புக்குறி பெட்டியின் உட்புறம் நோக்கியிருக்க வேண்டும். மேற்பலகையில், விசிறியின் இலைகள் உராயாமல் சுழலும் அளவிற்கு வட்டத் துளை இட்டு, விசிறி காற்றை மேல்நோக்கித் தள்ளுமாறு பொருத்துக. துளை பெரிதாயிருப்பின், வெளியேறிய காற்று இலைகளைச் சுற்றி மீண்டும் உள்ளே புகும். மூட்டுகள் யாவற்றையும் நாடாவால் அடைத்துவிடுக. வடிகட்டிகளின் வெளிப்புறம் பழைய நைலான் வலையையோ மெல்லிய துணியையோ சுற்றினால் பருந்தூசி அதிலேயே தங்கும். அதனை வாரம் ஒருமுறை துவைக்கலாம்.

இங்கு ஒரு விதியை மறத்தல் கூடாது. விசிறி பழையதாயிருக்கலாம், பலகை பழையதாயிருக்கலாம், வடிகட்டி மட்டும் புதியதாயிருத்தல் வேண்டும். வண்டியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ கழித்த வடிகட்டி அடைபட்டிருக்கும். அதிலுள்ள அழுக்கு மீண்டும் காற்றில் கலக்கவும் கூடும்.

அளந்து பார்த்தல்

3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 22.5 கனமீட்டர். மணிக்கு 300 கனமீட்டர் தூய காற்று கிடைத்தால், அது அறையின் காற்றை மணிக்குப் பதின்மூன்று முறை மாற்றுவதற்கு ஒப்பாகும். புதிய தூசி எழாதவிடத்து, காற்றிலுள்ள துகள்கள் ஏறத்தாழ 3 நிமிடத்தில் பாதியாகவும் 10 நிமிடத்தில் பத்தில் ஒரு பங்காகவும் குறையும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குச் செய்து காட்டலாம். ஓர் அறையில் ஊதுவத்தியைச் சிறிது நேரம் ஏற்றி அணைத்துவிட்டு, துகள் அளக்கும் சிறு கருவியின் அளவு பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது எனக் குறிக்க. முதலில் பெட்டியை இயக்காமலும், பின்னர் இயக்கியும் செய்க. கருவி இல்லையெனினும், எரியும் ஊதுவத்தியை மூட்டுகளின் அருகே கொண்டு சென்றால், புகை உள்ளிழுக்கப்படும் இடமே கசிவுள்ள இடம் என அறியலாம். பசையோ கரைப்பானோ உள்ள பட்டறையில் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

பெட்டியால் இயலாதது

வடிகட்டி துகள்களைப் பிடிக்குமேயன்றி வாயுக்களையும் ஆவிகளையும் பிடிக்காது. தோல் ஒட்டும் பசையிலிருந்து எழும் டொலுவீன், ஹெக்சேன் முதலியவற்றின் ஆவி அதனூடே தடையின்றிச் செல்லும். 1960-களில் ஜப்பானில் காலணி செய்வோரிடையே ஹெக்சேனால் கைகால் நரம்புகள் நலிந்தமை கண்டறியப்பட்டது. காற்றில் தூசி குறைந்திருப்பதைக் கண்டு, காற்றே தூயதாயிற்று என எண்ணிச் சாளரத்தை அடைத்தால், பெட்டி நன்மைக்குப் பதிலாகத் தீமையே செய்யும். அடுப்புக் கரியைத் துணியில் கட்டித் தொங்கவிடுவதும் இதற்குப் பரிகாரமன்று. ஆவியை வெளியேற்றக் காற்றோட்டமே வழி. மேலும், மிக்சி, வாக்குவம் கிளீனர் ஆகியவற்றின் மோட்டாரிலுள்ள கார்பன் பிரஷ்கள் தீப்பொறி எழுப்பும். எரியும் ஆவியுள்ள இடத்தில் அவற்றை இயக்குதல் தீவிபத்துக்கு வழிகோலும். சாதாரண விசிறியும் அதன் மின்விசையும்கூட அத்தகைய இடத்திற்கு உரியவை அல்ல. அலுமினியம் மெருகிடும் இடத்துத் தூசியும் தீப்பற்றக் கூடியதாதலின், அங்கும் இப்பெட்டி கூடாது.

தூசி ஓயாது எழும் பட்டறையில் மற்றொரு கணக்கும் உண்டு. காற்றில் நிற்கும் தூசியின் அளவு, எழும் தூசியைக் கிடைக்கும் தூய காற்றால் வகுத்த ஈவாகும். எழும் தூசியைப் பாதியாக்குவது, இரண்டாவது பெட்டி ஒன்றை வாங்கி வைப்பதற்குச் சமம். அதற்குச் செலவோ மிகக் குறைவு. களிமண் பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், அரைக்கும் முன் நீர் தெளித்தல், தேய்க்கும் மேசையை ஒட்டி உறிஞ்சுகுழாய் அமைத்தல் ஆகியவை முதலில் செய்யத்தக்கவை. அவற்றிற்கும் தப்பிய நுண்தூசிக்கே இப்பெட்டி.

களப்பணியாளர் பட்டறைக்குச் செல்லும்போது முதலில் கேட்க வேண்டிய வினா, “இங்கு எழுவது தூசியா, ஆவியா?” என்பதே. தூசி எனில் ஈரமும் பெட்டியும் உதவும். ஆவி எனில் திறந்த சாளரமும் வெளியேற்றும் விசிறியும் வேண்டும். இரண்டும் எனில் ஆவிக்குரிய ஏற்பாட்டை முதலில் செய்வித்த பின்னரே பெட்டியைப் பற்றிப் பேசுதல் வேண்டும். வடிகட்டி கறுத்து, வெளிவரும் காற்று தளர்ந்தவுடன் அதனைத் தட்டாமல், உதறாமல், நீர் தெளித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துமாறும் அறிவுறுத்துக. பல நாள் திரட்டிய தூசியை ஒரே நொடியில் மீண்டும் சுவாசிக்க நேர்ந்தால், பட்ட பாடு அனைத்தும் வீணாகும்.