முந்திக்கொள்ளும் நாடி

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருடைய நாடி நிமிடத்துக்கு 100ஐ ஒட்டித் துடிக்கும். கோளாறு ஒன்றுமில்லை. இதயத்தின் மேற்பகுதியில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு என்ற சிறு திசுவின் சொந்த வேகமே அதுதான். நமக்கெல்லாம் அது 70 சொச்சத்தில் நிற்பதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இரவும் பகலும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது. மாற்று அறுவையில் அந்த நரம்பு அறுபட்டுவிடுகிறது.

வேகத்தைக் கூட்டுவது பரிவு நரம்புகளின் வேலை. இரண்டு தரப்புக்கும் மேலிருந்து சேதி அனுப்பும் இடங்களில் ஒன்று, மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா. வலிப்பு அடிக்கடி தொடங்கும் டெம்போரல் மடல் அதற்கு அடுத்த வீடு. அங்கே நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுமீறி மின்துடிப்புகளை வெளியிடும்போது இன்சுலாவும் அதில் சிக்கினால் இதயம் தடுமாறுகிறது.

பெரும்பாலும் நாடி எகிறும். சிலருக்கு, தலையில் ஒட்டிய ஈஈஜி மின்முனைகள் வலிப்பைக் காட்டுவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே! இதயத்துக்கு ஞானதிருஷ்டி கிடையாது. வலிப்பு மூளையின் ஆழத்தில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. மண்டையோட்டுக்கு வெளியே இருக்கும் மின்முனைகளுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

மிக அரிதாக நேர்மாறாக நடக்கும்: இதயம் சில நொடிகள் நின்றேவிடும். வலிப்பு தொடங்கும்போது நாடி மறைந்துபோவதை 1906இலேயே ‘லான்செட்’ இதழில் ரஸ்ஸல் என்ற மருத்துவர் எழுதினார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ரத்தம் வராததால் மூளை துவள்கிறது, வலிப்பு அடங்குகிறது. அடங்கியதும் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் வலிப்பே தனக்கு முடிவு கட்டிக்கொள்கிறது என்றாலும், விழுந்து அடிபடும் ஆபத்து இருப்பதால் சிலருக்கு பேஸ்மேக்கர் வைக்கிறார்கள்.

மூளைக்கும் இதயத்துக்கும் இடையிலான இந்த உறவை மருத்துவம் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டது. கழுத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி வலிப்பைக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்கா 1997இல் அனுமதி தந்தது. கருவியின் கம்பியைச் சுற்றுவது இடப்பக்க வேகஸ் நரம்பில். ஏனென்றால், சைனஸ் கணுவின் மேல் வலது நரம்புக்குத்தான் பிடி அதிகம். 2015இல் அனுமதி பெற்ற கருவியோ நாடியையும் கவனிக்கிறது. திடீரென்று எகிறினால், கேட்காமலேயே நரம்பைத் தூண்டுகிறது. மாடிப்படி ஏறினாலும் நாடி கூடுமே? அதற்காகத்தான் எத்தனை சதவீத ஏற்றத்தை வலிப்பாகக் கொள்ளலாம் என்று, 20 முதல் 70க்குள், ஆளுக்கு ஆள் மருத்துவர் அளவு வைத்துக் கொடுக்கிறார். தப்புக்கணக்கு போட்டாலும் பெரிய நஷ்டமில்லை: தேவையில்லாத ஒரு தூண்டல், கொஞ்சம் குரல் கரகரப்பு.