பம்ப் ஓடுகிறது, இன்சுலின் உள்ளே போகிறதா?

டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளில் பம்ப் வைத்திருப்பவர்கள் நம் தூத்துக்குடியில் கொஞ்சம் பேர்தான். ஆனால் வாந்தியும் மூச்சிரைப்புமாக மிகத் தாமதித்து மருத்துவமனைக்கு வருகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். பம்ப் இருக்கிறதே என்ற தைரியம்தான் காரணம்.

பம்பில் இருப்பது விரைந்து வேலைசெய்யும் இன்சுலின் மட்டுமே. ஊசி போடும் பிள்ளைக்கு நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் உடம்பில் இருப்பாக இருக்கும். பம்ப் வைத்த பிள்ளைக்கு அது கிடையாது. குழாய் அடைத்த சில மணி நேரத்திலேயே கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். வாந்தியும் மூச்சிரைப்பும் அதனால்தான்.

"அலாரம் அடிக்கவில்லையே, டாக்டர்"

குழாயில் அழுத்தம் கூடினால்தான் அலாரம் அடிக்கும். சின்னப் பிள்ளைக்கு மணிக்குப் போகும் இன்சுலின் துளியளவு. அடைப்பு தெரிய வெகுநேரம் ஆகும். தோலுக்குள் இருக்கும் குட்டிக் குழாயான கேனுலா வெளியே வந்து மருந்து தோலில் கசிந்தால் அலாரமே அடிக்காது. திரையில் தெரிவது பம்ப் தள்ளிய அளவு. உடம்பில் ஏறிய அளவு அல்ல. கேனுலாவைத் தோலில் ஒட்டியிருக்கும் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா? இன்சுலின் வாடை அடிக்கிறதா? கழற்றிப் பார்த்தால் அந்த மெல்லிய கேனுலா தூண்டில் முள்ளாக வளைந்திருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

வாந்தி என்றதும் வீட்டு வைத்தியம்

"நேற்றுச் சாப்பிட்ட மீன் சேரவில்லை" என்று மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். சாப்பிடவில்லையே என்று பம்பையே கழற்றி வைக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சாப்பிடாத பிள்ளைக்கும் இன்சுலின் வேண்டும். அளவைத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பாகற்காய்ச் சாறோ சிறுகுறிஞ்சான் பொடியோ இந்தப் பிள்ளைக்கு இன்சுலினாக மாறாது. உடன்குடிக் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்பதும் பொய், நன்றாகவே ஏற்றும்.

குழாயில் காற்றுக்குமிழி கண்டால் உயிருக்கு ஆபத்து என்று பதறுகிறார்கள். தோலுக்கடியில் போகும் குமிழி ஆளைக் கொல்லாது. குமிழி இருந்த இடத்தில் இன்சுலின் இல்லை என்பதே பிரச்சினை. குளிர்ச்சியாக நிரப்பினால் குமிழி வரும். வெளியே வைத்துக் குளிர் போன பிறகு நிரப்புங்கள்.

விலைக்குப் பயந்து ஒரே கேனுலா செட்டை ஐந்தாறு நாள் ஓட்டுவதும் நடக்கிறது. அந்தக் கஷ்டம் புரிகிறது. ஆனால் 2 அல்லது 3 நாளுக்கு மேல் ஓட்டினால் அடைப்பும் புண்ணும் வரும். மருத்துவமனைச் செலவு அதைவிடப் பெரிது.

சர்க்கரை 250-ஐத் தாண்டினால்

கீட்டோன் பாருங்கள். கீட்டோன் இருந்தாலோ, பம்ப் வழியாகக் கொடுத்தும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இறங்காவிட்டாலோ, மறுபடி பம்பை நம்பாதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவை சிரிஞ்சிலோ பேனாவிலோ போடுங்கள். பிறகு செட், குழாய், மருந்து எல்லாவற்றையும் மாற்றி வேறு இடத்தில் குத்துங்கள். கோளாறு எங்கே என்று அப்புறம் தேடலாம். வாந்தி நிற்காவிட்டாலோ பிள்ளை அசந்து கிடந்தாலோ நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வெயிலும் உப்புக்காற்றும்

நம் ஊர் வியர்வைக்குப் பட்டை நிற்பதில்லை. தோலைக் கழுவி, நன்றாக உலர்த்தி ஒட்டுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் புது செட் போடாதீர்கள். கோளாறு தூக்கத்தில் தெரியாது. முத்துநகர் கடற்கரையில் பிள்ளை குளிக்கும்போது பம்பை வெயிலில் மணல்மேல் வைத்துவிடுகிறார்கள்; சூட்டில் இன்சுலின் கெட்டுப்போகும். நிழலில் வையுங்கள், குளித்ததும் மறக்காமல் மாட்டுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் பாதையும் அறுந்து கிடந்ததை நாம் மறக்கவில்லை. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்: பம்ப் இருந்தாலும் நீண்டநேரம் வேலைசெய்யும் இன்சுலின் பேனா ஒன்று வீட்டில் இருக்கட்டும். பள்ளிப் பையில் ஒரு செட்டும் சிரிஞ்சும் வையுங்கள். இவற்றைப் போடத் தெரிந்தவர் வீட்டில் அம்மா ஒருவர் மட்டுமாக இருக்க வேண்டாம். அப்பாவும் ஆச்சியும் பழகிக்கொள்ளுங்கள்.